தாடிப்பன்றியும் கருப்பூர மரமும்

தோட்டப் பள்ளி மாணவர்களின் சுற்றுலாக்களில் மிருகக்காட்சிச்சாலைக்கு என்றும் ஓர் இடம் உண்டு. விடியுமுன் பேருந்தில் ஏறிக் கட்டுச்சோற்றுடன் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ செல்லும் பிள்ளைகள் புலியின் முன் நெடுநேரம் நிற்பர். யானையைக் கண்டு ஆரவாரிப்பர். குரங்கைப் பார்த்துச் சிரிப்பர். பன்றியின் அடைப்பை மட்டும் ஒரு நொடியில் கடந்துவிடுவர். தோட்டத்து எல்லையில் நாள்தோறும் திரியும் விலங்கைக் காண இத்தனை தொலைவு வரவேண்டுமா என்பது அவர்கள் எண்ணம்.

ஆயினும், அடைப்புக்குள் நிற்பது சில வேளைகளில் தோட்டத்துப் பன்றியாக இருப்பதில்லை. நீண்டு ஒடுங்கிய முகம். அம்முகத்தின் இருபுறமும் முள்ளென விறைத்து நிற்கும் வெண்மஞ்சள் மயிர். உடலுக்குப் பொருந்தாதன போலத் தோன்றும் உயர்ந்த கால்கள். முதியவர் ஒருவரின் நரைத்த தாடியை நினைவூட்டும் அம்மயிரே அதற்குப் பெயரும் தந்தது. தாடிப்பன்றி எனப்படும் இவ்விலங்கு வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டதன்று. ஜொகூரின் காடுகளே அதன் பிறந்தகம். தன் மாநிலத்து விலங்கை அயல்நாட்டு விலங்கென்று எண்ணிக் கடந்துபோகும் நிலை ஒரு தலைமுறைக்கு எவ்வாறு நேர்ந்தது? இவ்வினாவுக்கு விடை தேடுவார்க்கு ஜொகூர் மண்ணின் வரலாறும், அம்மண்ணோடு தமிழர் கொண்ட உறவின் வரலாறும் ஒருங்கே கிடைக்கும்.

இரு பன்றிகள்

யோங் பெங் ஜொகூரின் பத்து பகாட் மாவட்டத்தில் அமைந்த சிற்றூர். நிலைத்த அமைதி என்பது அதன் சீனப் பெயருக்குப் பொருள். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும் பழைய பெருஞ்சாலையும் மூவாரிலிருந்து வரும் சாலையும் கூடுமிடம் அது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. பின்னர் அவற்றுட் பல செம்பனைத் தோட்டங்களாயின. அத்தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த தமிழர்க்குக் காட்டுப்பன்றி நன்கு பழகிய விலங்கு. மரவள்ளியையும் சருக்கரைவள்ளியையும் இரவில் தோண்டி அழிக்கும் பகைவனாகவும், கண்ணியில் வீழ்ந்தால் லயம் முழுதும் பங்கிட்டு உண்ணும் விருந்தாகவும் அது விளங்கியது.

இப்பழக்கம் கடல் கடந்து வந்தபின் ஏற்பட்டதும் அன்று. கேழல், ஏனம், பன்றி எனப் பல பெயரிட்டு அவ்விலங்கை அழைத்தது தமிழ். தினைப்புனத்தை உழக்கும் பன்றியும், அதனை ஓட்டக் காவல் இருக்கும் குறவரும் குறிஞ்சித்திணையின் உயிரான காட்சிகள். நாய், புலி, முயல் ஆகியவற்றின் குட்டிகளோடு பன்றிக் குட்டியையும் குருளை என வழங்கலாம் என்று தொல்காப்பிய மரபியல் கூறுகின்றது. குறிஞ்சி நிலத்தார் கண்ட பன்றியும் தோட்டத்துத் தமிழர் கண்ட பன்றியும் ஓரினமே. இந்தியா முதல் ஐரோப்பா வரை பரவியுள்ள பொதுக் காட்டுப்பன்றி அது.

தாடிப்பன்றியோ வேறோர் இனம். போர்னியோ, சுமத்திரா, மலாய்த் தீபகற்பம் ஆகிய நிலங்களுக்கே அது உரியது. சாலமன் முல்லர் என்னும் இயற்கையியலார் 1838 ஆம் ஆண்டில் அதற்கு அறிவியற் பெயரிட்டார். சுமத்திராவிலும் தீபகற்பத்திலும் மலாய் மக்கள் அதனை நங்குய் என்றழைத்து, ஏனைய பன்றியினின்றும் பிரித்தறிந்தனர். சரவாக்கின் நியா குகையில் 1950களில் தொடங்கிய அகழாய்வுகள், நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு வாழ்ந்த மாந்தர் இவ்விலங்கை வேட்டையாடி உண்டனர் என்பதைக் குவியல் குவியலான எலும்புகளால் மெய்ப்பித்தன.

இவ்விரு பன்றிகளையும் பிரிப்பது தாடி மட்டுமன்று. வாழும் முறையே வேறு. பொதுப் பன்றி எதையும் உண்ணும், எங்கும் தங்கும். தாடிப்பன்றி பெருங்காட்டை நம்பி வாழ்வது. மலாய்க் காடுகளின் பெருமரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. பல ஆண்டுகள் வாளா நின்று, பின் ஒரு பருவத்தில் காடு முழுதும் ஒருங்கே பூத்துக் காய்த்து, எண்ணெய்ச் சத்து மிக்க விதைகளைத் தரையெங்கும் சொரியும். அவ்விதைகளை உண்டு தாடிப்பன்றி கொழுக்கும், குட்டிகளைப் பெருக்கும். ஓரிடத்தில் விதை தீர்ந்ததும், காய்த்த காட்டைத் தேடிக் கூட்டம் கூட்டமாக நெடுவழி செல்லும். ஆறு குறுக்கிட்டால் நீந்திக் கடக்கும். இவ்வாறு அலைந்து வாழ்வதற்கு, இடையறாது தொடர்ந்து செல்லும் காடு வேண்டும்.

கருப்பூரம் தேடி வந்தவர்

தீபகற்பத்தில் தாடிப்பன்றி பெரிதும் சார்ந்திருந்த மரம் எது என்பதே தமிழ் மாணவர் உற்று நோக்கத்தக்க செய்தி. அது கப்பூர் மரம்; அதாவது கருப்பூர மரம். ஜொகூர், பகாங், திரெங்கானு ஆகிய மாநிலங்களின் காடுகளில் இம்மரங்கள் ஓங்கி நின்றன. இவற்றின் விதை வீழும் இடங்களே தாடிப்பன்றியின் மேய்ச்சல் நிலங்கள். 1948 ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த சில ஆண்டுகளிலும் மலாயா இயற்கைக் கழகத்தின் ஏட்டில் இப்பன்றியின் போக்குவரவு பற்றிக் கட்டுரைகள் வெளிவந்தன. எங்கிருந்து வருகின்றது, எங்குச் செல்கின்றது எனத் தெளிவாகத் தெரியாத அந்நாளில் அஃது ஒரு புதிராகவே கருதப்பட்டது.

அதே மரத்தை நாடித் தமிழர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இக்கடற்பகுதிக்கு வந்தனர். இன்று பூசையில் எரியும் சூடம் வேறு. பண்டைத் தமிழர் பச்சைக் கருப்பூரம் என உயர்வாகப் போற்றிய பொருள் வேறு. பின்னது இக்கருப்பூர மரத்தின் உள்வெடிப்புகளில் படிகமாக உறைந்து கிடப்பது. கோயில் வழிபாட்டிற்கும் மருந்திற்கும் தாம்பூலத்திற்கும் அது வேண்டப்பட்டது. சுமத்திராவின் மேலைக் கரையிலிருந்த பரூஸ் என்னும் துறைமுகம் அவ்வணிகத்திற்குப் பெயர் பெற்றது. சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் கருப்பூர வகைகளை எண்ணிக் கூறுமிடத்து வரும் வாரோசு என்னும் பெயர் இவ்வூரைக் குறிப்பதே என்பர் ஆய்வாளர்.

பரூஸுக்கு அருகில் உள்ள லோபு துவா என்னுமிடத்தில் 1873 ஆம் ஆண்டில் தமிழ்க் கல்வெட்டொன்று கண்டறியப்பட்டது. சக ஆண்டு 1010, அதாவது கிறித்து ஆண்டு 1088 இல் பொறிக்கப்பட்டது அது. ஐந்நூற்றுவர் எனப்படும் வணிகக் குழுவினர் அத்துறைமுகத்தில் கூடி, கப்பலோடு வருவார் செலுத்த வேண்டிய தொகை பற்றி எடுத்த முடிவை அக்கல் கூறுகின்றது. வாரோசு என்னும் ஊர்ப்பெயரும் அதில் காணப்படுகின்றது. இராசேந்திர சோழன் கடாரம் கொண்ட செய்தி மேடைதோறும் முழங்கப்படுகின்றது. படையெடுப்புக்குப் பின் அறுபது ஆண்டுகள் கழிந்தும் இக்கரையில் இருந்து வாணிகம் செய்த தமிழரைப் பற்றிய பேச்சு அத்துணை எழுவதில்லை. அவர்கள் கொண்டுசென்ற சரக்குகளுள் ஒன்று காட்டு மரத்தின் வயிற்றினின்றும் எடுக்கப்பட்டது என்பதும் நினைக்கப்படுவதில்லை.

அம்மரத்தை அறிந்து, காட்டினுள் சென்று, கருப்பூரம் எடுத்தவர் பூர்வகுடியினர். ஜொகூரின் ஜக்குன் மக்கள் அப்பணிக்குச் செல்லுங்கால் அன்றாட மொழியை விடுத்து, கருப்பூர மொழி எனப்படும் தனிச்சொற்களையே பேசினர். வழக்கமான சொல்லைப் பேசினால் மரத்திலுள்ள கருப்பூரம் மறைந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஹாரி லேக், கெல்சால் என்னும் இரு ஆங்கிலேயர் இம்மொழியின் சொற்களைத் தொகுத்து 1894 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதே ஆண்டில் அவ்விருவரும் வெளியிட்ட மற்றொரு கட்டுரை, கீழைக் கரையிலுள்ள எண்டாவ் ஆற்று முகத்திலிருந்து செம்புரோங் ஆற்றின் வழியே மேலைக் கரையிலுள்ள பத்து பகாட் வரை அவர்கள் மேற்கொண்ட பயணத்தை விளக்குவது. தீபகற்பத்தின் ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குக் காட்டாறுகளின் வழியே செல்ல முடிந்த காலம் அது. இன்றைய யோங் பெங், குளுவாங் வட்டாரங்கள் அக்காட்டு உலகின் மேற்குப் புறத்தே இருந்தன.

காடு தோட்டமான கதை

அக்காட்டு உலகம் இரு தலைமுறைகளுக்குள் உருமாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆற்றங்கரைகளில் சீனர் மிளகும் காசுக்கட்டியும் பயிரிட்டிருந்தனர். 1909 இல் ஜொகூர் இருப்புப்பாதை நிறைவுற்றது. 1910 இல் ரப்பர் விலை உச்சத்தை எட்டியது. ஆற்றோரத்தைத் தாண்டி உள்நாட்டுக் காடுகள் விழத் தொடங்கின. பெருமரங்களை வீழ்த்தும் வேலையைப் பெரும்பாலும் சீன, ஜாவானிய, மலாய் ஒப்பந்தக்காரரின் ஆள்கள் செய்தனர். காடு எரிந்த இடத்தில் வடிகால் வெட்டி, களை பறித்து, கன்று வளர்த்து, பால் வெட்டியவர் கங்காணிகளால் அழைத்துவரப்பட்ட தமிழர். கருப்பூரம் தேடி வணிகராக வந்த இனத்தின் பின்னோர், கருப்பூரக் காடு இருந்த நாட்டுக்குக் கூலிகளாக வந்து சேர்ந்தனர். முன்னோர் நாடிய மரத்தின் பெயரும் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வாய்ப்பும் தரப்படவில்லை.

பின்னர் வந்த காலம் காட்டுக்கும் மக்களுக்கும் இடையே மேலும் ஒரு சுவரை எழுப்பியது. 1942 சனவரியில் மூவார், பாரிட் சூலோங், யோங் பெங் சாலை கொடிய போர்க்களமாயிற்று. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் யோங் பெங் வட்டாரம் பெரும் இன்னலுக்குள்ளானது. காட்டோரத்தில் வாழ்ந்தோர் முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் தோட்ட மக்களையும் நெருக்கின. காட்டினுள் நுழைவதே குற்றமாகக் கருதப்படக்கூடிய அந்நாளில், காட்டு விலங்கின் அடையாளங்களையும் வழித்தடங்களையும் மூத்தோர் இளையோர்க்குக் காட்டும் வாய்ப்பு அருகியது.

விடுதலைக்குப் பின் நிலக்குடியேற்றத் திட்டங்கள் விரைந்தன. பெல்டா நிறுவனம் 1956 இல் தோன்றியது. தென்கிழக்கு ஜொகூரின் பெருங்காடுகளை வேளாண் நிலமாக்கும் வாரியம் 1972 இல் அமைந்தது. நிலமற்ற ஏழைகள் பலர் இவற்றால் வாழ்வு பெற்றனர் என்பது மறுக்கவொண்ணா உண்மை. அதே வேளையில் தாடிப்பன்றியின் வழிகள் துண்டுதுண்டாயின என்பதும் உண்மையே. பத்து மைல் தொடர்ந்த காடு இரண்டு மைலானால் புலி அங்குச் சுருங்கியேனும் சில காலம் வாழலாம். விதை காய்த்த காட்டைத் தேடி நடந்தே உயிர்வாழும் விலங்குக்கு நடக்க இடமில்லாமற் போயிற்று.

இங்குதான் வரலாற்றின் முரண் வெளிப்படுகின்றது. ஒரு பன்றியை விரட்டிய அதே தோட்டம் மற்றொரு பன்றியை வளர்த்தது. செம்பனைப் பழம் ஆண்டு முழுதும் உதிர்வது; பொதுக் காட்டுப்பன்றிக்கு அது வற்றாத களஞ்சியம். நெகிரி செம்பிலானில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த பாசோ காட்டில் 1996 ஆம் ஆண்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றிகளும், 1998 இல் 27 பன்றிகளும் இருந்ததாக ஆய்வாளர் கணக்கிட்டனர். காட்டுப்பன்றிகள் இவ்வளவு மலிந்து திரியக் கண்ட தோட்டத்துப் பிள்ளை, பன்றியினத்துள் ஒன்று அழிந்துகொண்டிருப்பதை எங்ஙனம் நம்பும்? கண்முன் நின்ற பெருக்கம், காணாமற்போன இனத்தை மறைத்துவிட்டது.

அடைப்புக்குள் வந்த விலங்குகள்

காடு சுருங்கச் சுருங்க மிருகக்காட்சிச்சாலைகள் பெருகின. இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே நூற்றாண்டின் இரு முகங்கள். சிங்கப்பூரை நிறுவிய இராபிள்சு சுமத்திராவில் திரட்டிய விலங்குகளும் ஏடுகளும் 1824 இல் கப்பலோடு எரிந்து அழிந்தன. தாயகம் திரும்பிய அவர் 1826 இல் இலண்டன் விலங்கியற் கழகம் தோன்ற முன்னின்றார். அக்கழகத்தின் காட்சிச்சாலை 1828 இல் திறக்கப்பெற்றது. சென்னையில் எட்வர்டு பால்பர் 1855 இல் அருங்காட்சியகத்தையொட்டித் தொடங்கிய விலங்குத் தொகுப்பே, பின்னர் 1985 இல் வண்டலூரில் அமைந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு வித்து.

ஜொகூர் பாருவில் 1928 இல் மிருகக்காட்சிச்சாலை அமைத்தவர், வேட்டையில் பேரார்வம் கொண்ட சுல்தான் இப்ராகிம். 1962 இல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதே 1928 இல் சிங்கப்பூரின் பொங்கோல் கடற்கரையில் இந்திய வழியினரான பாசப்பா தம் சொந்தப் பொருளில் ஒரு மிருகக்காட்சிச்சாலையை நிறுவினார். அதன் முடிவு துயரமானது. 1942 இல் சப்பானியப் படை நெருங்கியபோது, ஒரே நாளில் விலங்குகளை அகற்றுமாறு பிரித்தானியப் படையினர் அவருக்கு ஆணையிட்டனர். அகற்ற இயலவில்லை. தீங்கற்ற உயிர்கள் திறந்துவிடப்பட்டன. கொடிய விலங்குகள் சுடப்பட்டன. யோங் பெங் சாலையில் வீரர்கள் மாண்டதை அடுத்த கிழமைகளில், அவ்விலங்குகளும் அதே போருக்கு இரையாயின. மறு ஆண்டில் பாசப்பாவும் மறைந்தார்.

கோலாலம்பூரின் தேசிய மிருகக்காட்சிச்சாலையைத் துங்கு அப்துல் ரகுமான் 1963 நவம்பர் 14 இல் திறந்துவைத்தார். சிங்கப்பூரின் மண்டாய் மிருகக்காட்சிச்சாலை 1973 இல் தொடங்கியது. கம்பிக் கூண்டுகளுக்கு மாறாக அகழியும் செடிகொடியும் எல்லையாக அமைந்த திறந்தவெளி முறை அதன் சிறப்பு. அதன் அருகே 1994 இல் திறக்கப்பட்ட இரவுக் காட்சிச்சாலையில் தாடிப்பன்றியும் இடம்பெற்றது. தென்மலேசியப் பள்ளிக் குழுக்கள் எல்லை கடந்து சென்று கண்ட விலங்குகளுள் அதுவும் ஒன்று.

மிருகக்காட்சிச்சாலையின் நன்மையைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. நூலில் எழுத்தாக இருந்ததை உயிரோடு காட்டுவது அதன் தொண்டு. ஆயினும் அடைப்பின் முன்னுள்ள பலகை, விலங்கின் பெயரையும் எடையையும் உணவையும் கூறுவதோடு அமைகின்றது. அவ்விலங்கு நடந்த தொலைவை அடைப்பு காட்டாது. காடு காய்க்கும் பருவத்தில் நூற்றுக்கணக்கில் திரண்டு ஆறு நீந்திய கூட்டத்தை, நிழலில் படுத்துறங்கும் ஒற்றைப் பன்றியிடம் காண இயலாது. அப்பகுதியை எடுத்துரைக்க வேண்டியவர் உடன் செல்லும் ஆசிரியரே.

எஞ்சியவை

ஜொகூரில் தாடிப்பன்றிக்கு எஞ்சிய புகலிடங்களுள் தலையாயது எண்டாவ்–ரொம்பின் காடு. அங்கு மரம் வெட்ட உரிமம் வழங்கப்பட்டபோது 1977 இல் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1985, 1986 ஆகிய ஆண்டுகளில் மலாயா இயற்கைக் கழகம் அக்காட்டில் பேராய்வுப் பயணம் நடத்தி, அதன் அருமையைப் பொதுமக்களுக்கு உணர்த்தியது. 1993 இல் ஜொகூர்ப் பகுதியின் 48,905 ஹெக்டேர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீபகற்பத்தில் இவ்விலங்கின் நிலை பற்றி 2006 இல் வெளிவந்த ஆய்வுக்கட்டுரை கவலைக்குரிய படத்தையே தீட்டியது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை ஊறுபடத்தக்க இனங்களின் வரிசையில் வைத்துள்ளது.

தீபகற்பத்தில் குறைந்தாலும் போர்னியோவில் மிகுதியாக உண்டு என்னும் ஆறுதலும் நிலைக்கவில்லை. 2021 ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் சபாவில் கண்டறியப்பட்டது. மாந்தரைத் தொற்றாத அந்நோய் பன்றியினத்திற்குக் கூற்றம். காடுகளில் தாடிப்பன்றிகள் பெருந்தொகையாக மாண்டன. அவற்றின் இறைச்சியையே நெடுங்காலம் நம்பியிருந்த உள்நாட்டுப் பழங்குடியினரின் உணவும் வாழ்வும் அசைவுற்றன. எங்கும் நிறைந்திருந்த உயிரினம் சில திங்களில் அரிதாகலாம் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

ஒரு விலங்கு அழியுங்கால் அதனைச் சூழ்ந்த சொற்களும் அழிகின்றன. ஜக்குன் மக்களின் கருப்பூர மொழியில் சில சொற்களேனும் 1894 ஆம் ஆண்டின் ஏட்டில் தப்பின. தோட்டத் தமிழரிடம் வழங்கிய காட்டறிவுக்கு அத்தகைய ஏடு எங்கே? கண்ணி வைக்கும் முறை, பன்றித் தடம் பிரித்தறியும் முறை, எந்த மாதத்தில் எந்தப் பழம் உதிரும் என்னும் கணக்கு, வேட்டைநாய்களுக்கு இட்ட பெயர்கள் ஆகிய அனைத்தும் லயங்களோடு கலைந்துகொண்டிருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்ட இக்காலத்தில், அவ்வறிவைச் சுமப்போர் ஒவ்வொருவராக மறைகின்றனர்.

யோங் பெங் போன்ற ஊர்களின் தமிழாசிரியர்கள் இத்துறையில் ஆற்றக்கூடிய பணி எளிது, பொருட்செலவும் இல்லாதது. மிருகக்காட்சிச்சாலைக்குச் செல்லுமுன் மாணவர்கள் தத்தம் பாட்டன் பாட்டியரிடம் ஒரு வினாவைக் கேட்டு எழுதிவரச் செய்யலாம்: "தாத்தா, நீங்கள் கண்ட பன்றிகளில் தாடி வைத்த பன்றி உண்டா?" இல்லை என்று விடை வந்தாலும் அதுவும் வரலாற்றுக் குறிப்பே, எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில், எந்தக் காட்டோரத்தில் வாழ்ந்தவர் அவ்வாறு கூறினார் என்பதை எழுதி வைத்தால் போதும். உண்டு என ஒருவர் கூறின், ஆய்வாளர் ஏடுகளில் இடம்பெறாத ஒரு செய்தி அப்பிள்ளையின் குறிப்பேட்டில் ஏறிவிடும். அத்தகைய குறிப்பேட்டுடன் செல்லும் மாணவன் பன்றியின் அடைப்பைக் கடந்துபோகமாட்டான். தன் பாட்டன் கூறிய விலங்கு இதுதானா என்று பார்க்க நெடுநேரம் அங்கேயே நிற்பான்.